சரக்கு வண்டிக்குப் பெரிய டயர் போடலாமா?

விளைபொருளை மாட்டு வண்டியில் ஏற்றி, விடிவதற்குள் சந்தைக்குப் போய்ச் சேர்ந்த காலம் மாறிவிட்டது. இன்று கிராமத்துக்குக் கிராமம் சிறு சரக்கு வண்டிகள் ஓடுகின்றன. 2005-ம் ஆண்டில் டாடா ஏஸ் வண்டி வந்தபோது, நம் மக்கள் அதற்குக் 'குட்டி யானை' என்று பெயர் வைத்து வரவேற்றார்கள். அதன் பின் ஒரு டன், ஒன்றரை டன் ஏற்றும் பிக்கப் வண்டிகள் பல வந்துவிட்டன. இரண்டு, மூன்று ஏக்கர் வைத்திருப்பவர்களும் கடன் வாங்கியோ, அண்ணன் தம்பி பங்கு போட்டோ ஒரு பழைய வண்டியையாவது வாங்கி வைத்துக் கொள்கிறார்கள்.

பயிற்சி முகாம்களுக்கும் வயல் விழாக்களுக்கும் போகும்போது, உரம், பூச்சி மருந்து பற்றிய கேள்விகள் முடிந்ததும் யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுகிறார்: "ஐயா, வண்டி டயர் நான்கும் தேய்ந்துவிட்டது. எப்படியும் புதிதாகத்தான் போட வேண்டும். ஒரு சைஸ் பெரிதாகப் போட்டால் என்ன?"

ஏன் பெரிதாகப் போட வேண்டும் என்று திருப்பிக் கேட்டால் மூன்று காரணங்கள் வரும். தோட்டத்துப் பாதையில் வண்டியின் அடி தட்டாது என்பது ஒன்று. கூடுதல் பாரம் தாங்கும் என்பது இரண்டு. சேற்றில் புதையாது என்பது மூன்று. இந்த மூன்றும் எவ்வளவு தூரம் சரி என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்காமல் டயர் வாங்கினால், பணம் போவதோடு நிற்காது. உயிருக்கும் ஆபத்து வரலாம்.

ஒரு விவசாயியின் அனுபவம்

திண்டுக்கல் மாவட்டத்தில், பழனி மலை அடிவாரத்தில் தக்காளியும் கத்தரியும் பயிர் செய்யும் விவசாயி ஒருவர் எனக்குத் தெரிந்தவர். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குத் தம் பிக்கப் வண்டியிலேயே காய் கொண்டு போவார். தோட்டத்திலிருந்து தார்ச் சாலைக்கு வர முக்கால் கிலோ மீட்டர் மண் பாதை. மழைக்குப் பின் அதில் சக்கரத் தடம் ஆழமாக விழுந்துவிடும். நடுவில் துருத்தி நிற்கும் கல்லில் பின் அச்சின் உருண்டைப் பகுதி தட்டிக்கொண்டே இருந்தது.

வண்டியில் இருந்தது 215/75 ஆர் 15 டயர். பெரிய டயர் போட்டால் வண்டி உயரும் என்று யாரோ சொல்ல, 235/75 ஆர் 15 டயர் நான்கு வாங்கி மாட்டினார். காலி வண்டியை ஓட்டிப் பார்த்தபோது குறை ஒன்றும் தெரியவில்லை. பாரம் ஏற்றிய பிறகு, வளைவில் ஸ்டியரிங்கை முழுவதும் திருப்பும்போது முன் சக்கரத்தில் 'சர்' என்று உரசும் ஓசை கேட்டது. புது டயர்தானே, போகப் போகச் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டார். டயரின் தோள்பட்டையை மட்கார்டின் உள் விளிம்பு சிறிது சிறிதாக அறுத்துக் கொண்டிருந்தது அவருக்குத் தெரியாது.

ஒரு நாள் அதிகாலையில், பாரத்தோடு போகும்போது அந்த டயர் வெடித்தது. வண்டி சாலையை விட்டு இறங்கிப் பள்ளத்தில் சாய்ந்தது. நல்ல வேளையாக எதிரில் வண்டி எதுவும் வரவில்லை. அவருக்கும் உடன் வந்த மகனுக்கும் சிராய்ப்போடு போயிற்று. ஆனால் அந்த வாரம் தக்காளிக்கு நல்ல விலை இருந்தது. ஒரு லோடு தக்காளி மண்ணோடு மண்ணாகப் போனது. புது டயர் ஒன்றும் போனது. வண்டிப் பழுதுச் செலவு வேறு.

இதில் அவர் செய்த தவறு பெரிய டயர் வாங்கியது மட்டுமன்று. எத்தனை உயரம் கிடைக்கும், எங்கே உரசும், எவ்வளவு பாரம் தாங்கும் என்ற மூன்று கேள்விகளை வாங்கும் முன் அவர் கேட்கவில்லை. டயரின் பக்கவாட்டில் உள்ள எழுத்துகளைப் படிக்கத் தெரிந்தால், இந்தக் கேள்விகளுக்குப் பெரும்பாலும் அங்கேயே விடை கிடைத்துவிடும்.

டயர் மீது எழுதியிருப்பது என்ன?

215/75 ஆர் 15 என்பதில் 215 என்பது டயரின் அகலம், மில்லி மீட்டரில். 75 என்பது பக்கவாட்டு உயரம். அதாவது அகலத்தில் 75 சதவிகிதம். 'ஆர்' என்றால் ரேடியல் டயர். 15 என்பது டிஸ்க்கின் குறுக்களவு, அங்குலத்தில்.

சிறு சரக்கு வண்டிகள் பலவற்றில் 185 ஆர் 14 எல்.டி. 8 பி.ஆர். 102/100 என்பது போல எழுதியிருக்கும். இதில் 'எல்.டி.' என்றால் இலகு சரக்கு வண்டிக்கான டயர் என்று பொருள். 8 பி.ஆர். என்பது டயர் கூட்டின் வலுவைக் காட்டும் அளவு. இந்த எண் கூடுதலாக இருந்தால் அதிகக் காற்றுப் பிடித்து அதிகச் சுமை தாங்கும்.

கடைசியில் உள்ள 102/100 என்ற எண்ணைத்தான் நம்மில் பலர் கவனிப்பதில்லை. இதுவே சுமை எண். முதல் எண், அச்சின் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரே டயர் இருக்கும் வண்டிக்கு. இரண்டாம் எண், பக்கத்துக்கு இரட்டை டயர் இருக்கும் வண்டிக்கு. ஒரு டயர் அதிகபட்சம் எத்தனை கிலோ தாங்கும் என்பதை இதிலிருந்து தெரிந்து கொள்ளலாம்.

சுமை எண் 80 - 450 கிலோ
சுமை எண் 85 - 515 கிலோ
சுமை எண் 90 - 600 கிலோ
சுமை எண் 95 - 690 கிலோ
சுமை எண் 100 - 800 கிலோ
சுமை எண் 102 - 850 கிலோ
சுமை எண் 105 - 925 கிலோ
சுமை எண் 110 - 1,060 கிலோ

இந்தப் பட்டியலைக் கத்தரித்து வண்டியிலேயே வைத்துக் கொள்ளுங்கள். டயருக்குரிய முழுக் காற்று இருந்தால்தான் இந்தச் சுமையை அது தாங்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பருமனைப் பார்த்து ஏமாற வேண்டாம்

பெரிய டயர் என்றால் அதிகப் பாரம் தாங்கும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் அது எப்போதும் உண்மை ஆகாது. ஓர் உதாரணம் பார்ப்போம்.

மேலே சொன்ன 185 ஆர் 14 எல்.டி. சரக்கு டயரின் சுமை எண் 102. ஒரு டயர் 850 கிலோ தாங்கும். அதே 14 அங்குல டிஸ்க்குக்கான கார் டயர்களில் 195/70 ஆர் 14 என்று ஒன்று உண்டு. இதன் அகலம் சரக்கு டயரைவிட 10 மில்லி மீட்டர் கூடுதல். பார்வைக்கும் பட்டையாக, கம்பீரமாக இருக்கும். ஆனால் சாதாரணமாக இதன் சுமை எண் 91; அதாவது 615 கிலோ மட்டுமே.

பின் சக்கரங்கள் இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால், சரக்கு டயர்கள் 1,700 கிலோ தாங்கும். அகலமான கார் டயர்களோ 1,230 கிலோதான் தாங்கும். 470 கிலோ வித்தியாசம்! விலை மலிவாகக் கிடைக்கிறது, பார்வைக்கு எடுப்பாக இருக்கிறது என்று கார் டயரை வாங்கிச் சரக்கு வண்டியில் மாட்டுபவர்கள், பாரம் ஏற்றியதும் ஆபத்தையும் சேர்த்து ஏற்றிக் கொள்கிறார்கள். காரிலிருந்து கழற்றிய பழைய டயரை வாங்கி மாட்டுவது இன்னும் மோசம்.

ஆகவே, அளவு பெரிதோ சிறிதோ, புது டயரின் சுமை எண் வண்டியோடு வந்த டயரின் சுமை எண்ணுக்குக் குறையவே கூடாது.

டயர் தாங்கினால் அச்சு தாங்குமா?

சுமை எண் கூடுதலாக உள்ள டயரைப் போட்டுவிட்டால் அதிகப் பாரம் ஏற்றலாமா என்று அடுத்த கேள்வி வரும். கூடாது. பாரம் தாங்குவது டயர் மட்டுமன்று. அச்சு, ஸ்பிரிங் பட்டை, வீல் பேரிங், பிரேக், சட்டம் இவை எல்லாம் சேர்ந்துதான் தாங்குகின்றன. டயர் ஒன்றை மட்டும் வலுவாக்கினால், அடுத்து எது பலவீனமோ அது உடையும்.

நாம் ஏற்றும் பாரத்தை நாமே குறைத்து மதிப்பிடுகிறோம் என்பதும் உண்மை. 14 கிலோ தக்காளிப் பெட்டி 90 ஏற்றினால் 1,260 கிலோ என்று கணக்கு வைத்துக் கொள்கிறோம். காலிப் பெட்டி ஒன்று ஒன்றரை கிலோ என்றால் 90 பெட்டிக்கு 135 கிலோ. டிரைவர் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்தால் 60 கிலோ. ஆக 1,455 கிலோ. தார்ப்பாய், கயிறு, ஜாக்கி எல்லாம் இதற்கு மேல்.

இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. வழக்கமாக ஏற்றும் பாரத்தோடு வண்டியை ஒரு முறை எடை மேடையில் நிறுத்தி மொத்த எடை பாருங்கள். பிறகு முன் சக்கரங்களை மேடைக்கு வெளியே இறக்கி, பின் சக்கரங்கள் மட்டும் மேடையில் இருக்கும்படி நிறுத்தி எடை பாருங்கள். பின் அச்சின் எடையை இரண்டால் வகுத்தால் ஒரு பின் டயர் சுமக்கும் பாரம் கிடைக்கும்.

உதாரணமாக, பின் அச்சின் எடை 1,760 கிலோ என்று வைத்துக் கொள்வோம். ஒரு டயருக்கு 880 கிலோ. டயரின் சுமை எண் 102 என்றால் அதன் எல்லை 850 கிலோதான். 30 கிலோ மீறிவிட்டது. பாதையில் ஒரு பள்ளத்தில் விழுந்து எழும்போது இந்தச் சுமை இன்னும் பல மடங்கு அதிர்ச்சியாக டயர் மீது இறங்கும். இதற்குப் பரிகாரம் பெரிய டயர் அன்று. பத்துப் பெட்டியைக் குறைப்பதுதான். பெட்டிகளைப் பின் கதவோரம் அடுக்காமல் கேபின் பக்கம் நெருக்கி அடுக்கினாலும் பின் அச்சின் சுமை ஓரளவு குறையும்.

வண்டி எவ்வளவு உயரும்?

இனி உயரக் கணக்கைப் பார்ப்போம். டிஸ்க்கின் அங்குலத்தை 25.4-ஆல் பெருக்கினால் மில்லி மீட்டர் வரும். அதோடு பக்கவாட்டு உயரத்தை இரண்டு மடங்காக்கிக் கூட்டினால் டயரின் முழு உயரம்.

215/75 ஆர் 15 டயருக்கு: டிஸ்க் 381 மில்லி மீட்டர். பக்கவாட்டு உயரம் 215-ல் 75 சதவிகிதம், அதாவது 161.25. அதன் இரு மடங்கு 322.5. மொத்தம் 703.5 மில்லி மீட்டர்.

235/75 ஆர் 15 டயருக்கு: இதே கணக்கில் 733.5 மில்லி மீட்டர்.

டயரின் உயரம் 30 மில்லி மீட்டர் கூடியிருக்கிறது. ஆனால் வண்டி 30 மில்லி மீட்டர் உயராது. அச்சு இருப்பது சக்கரத்தின் நடுவில். ஆகவே அச்சுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியில் கூடுவது பாதிதான். 15 மில்லி மீட்டர், அதாவது ஒன்றரை சென்டி மீட்டர். ஒரு விரல் கனம்! நம் ஒட்டன்சத்திரம் நண்பர் நான்கு புது டயர்களுக்கும் சேர்த்து வாங்கிய உயரம் இவ்வளவுதான். பாதையில் துருத்தி நின்ற கல்லோ அதைவிட அதிக உயரம்.

எண்களுக்கு நடுவே சாய்கோடு இல்லாமல் 185 ஆர் 14 என்று மட்டும் எழுதியிருக்கும் டயர்களுக்கு இந்தக் கணக்கு நேராகப் பொருந்தாது. அதற்கும் வழி உண்டு. சமதளத்தில் வண்டியை நிறுத்தி, டயர் தரையைத் தொடும் இடத்தில் டயரிலும் தரையிலும் சாக்பீஸால் கோடு போடுங்கள். டயரில் உள்ள கோடு மீண்டும் தரையைத் தொடும் வரை வண்டியை மெதுவாகத் தள்ளுங்கள். தரையில் இரண்டு கோடுகளுக்கும் இடையே டேப் வைத்து அளந்தால் ஒரு சுற்றின் நீளம் கிடைக்கும். பெரிய டயர் போட்டிருக்கும் தெரிந்தவர் வண்டியையும் இதே போல அளந்து ஒப்பிடுங்கள்.

ஒரு சுற்றின் நீளம் பழைய டயரைவிட 3 சதவிகிதத்துக்கு மேல் கூடாமல் பார்த்துக் கொள்வது நல்லது என்பது நடைமுறைக் கணக்கு. மேலே கண்ட உதாரணத்தில் 4 சதவிகிதத்துக்கு மேல் கூடிவிட்டது. வண்டியைத் தயாரித்த நிறுவனமே அதே மாடல் வண்டிக்கு இரண்டு அளவு டயர்களைக் குறிப்பிட்டிருந்தால், அந்த இரண்டில் எதையும் தயக்கமில்லாமல் போடலாம். இந்த விவரம் வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும்.

உயரம் கூடினால் எது குறையும்?

பெரிய டயர் ஒரு கிலோ மீட்டருக்குக் குறைவான சுற்று சுற்றும். நம் உதாரணத்தில் சிறிய டயர் 452 சுற்றும் இடத்தில் பெரிய டயர் 434 சுற்றுத்தான் சுற்றும். வேகம் காட்டும் மீட்டரும் கிலோ மீட்டர் எண்ணும் மீட்டரும் சுற்றைத்தான் எண்ணுகின்றன, தூரத்தை அன்று. ஆகவே பழைய டயரில் மீட்டர் சரியாகக் காட்டியிருந்தால், இப்போது 60 என்று காட்டும்போது வண்டி ஏறக்குறைய 62.6 கிலோ மீட்டர் வேகத்தில் ஓடும். மீட்டரில் 10,000 கிலோ மீட்டர் கூடும்போது உண்மையில் 10,426 கிலோ மீட்டர் ஓடியிருக்கும். ஆயில் மாற்றும் கெடுவும் அதற்கேற்பத் தள்ளிப் போகும்.

மைலேஜ் கணக்கிலும் குழப்பம் வரும். லிட்டருக்கு 14 கிலோ மீட்டர் கொடுத்த வண்டி, உண்மையில் மைலேஜ் குறையாவிட்டாலும், மீட்டர் கணக்கில் 13.4 கொடுப்பதாகத் தோன்றும். பெரிய டயர் எடையும் கூடுதல் என்பதால் உண்மையிலேயே டீசலும் கொஞ்சம் அதிகம் பிடிக்கும்.

இழுவைத் திறன்தான் முக்கியமானது. ஏர் கலப்பையின் கைப்பிடி நீளம் மாறினால் கைக்குத் தெரியும் பாரம் மாறுவது போல, சக்கரம் உயர்ந்தால் அதே என்ஜின் அதே கியரில் தரையைத் தள்ளும் விசை குறையும். நம் உதாரணத்தில் 100 பங்கு இருந்த விசை 96 பங்கு ஆகிவிடும். சமவெளியில் இது பெரிதாகத் தெரியாது. பாரத்தோடு மேடு ஏறும்போது மூன்றாம் கியரில் ஏறிய வண்டி இரண்டாம் கியர் கேட்கும். கிளட்சை அரைகுறையாக அழுத்தி ஓட்டும் பழக்கம் உள்ளவர்களுக்குக் கிளட்ச் பிளேட் சீக்கிரம் தேயும். பிரேக்கின் பிடியும் இதே அளவுக்குக் குறையும். மலைப் பாதையில் காய் கொண்டு இறங்குபவர்கள் இதைக் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டும்.

உரசுகிறதா என்று பார்க்கும் முறை

பெரிய டயர் மாட்டத் தீர்மானித்துவிட்டால், முதலில் ஒரு முன் சக்கரத்துக்கு மட்டும் மாட்டிச் சோதிக்கச் சொல்லுங்கள். காலி வண்டியில் பார்த்தால் போதாது. வழக்கமான பாரத்தை ஏற்றி, ஸ்டியரிங்கை இடக் கோடிக்கும் வலக் கோடிக்கும் திருப்பி, டயருக்கும் மட்கார்டுக்கும் இடையே, டயருக்கும் சட்டத்துக்கும் இடையே, பிரேக் ஹோஸுக்கும் டயருக்கும் இடையே இரண்டு விரல் நுழைகிறதா என்று பாருங்கள். நிறுத்திய வண்டியில் நுழையும் இடம் பள்ளத்தில் விழும்போது மூடிக்கொள்ளும் என்பதால், இடம் தாராளமாக இருக்க வேண்டும். மட்கார்டை வெட்டிவிடலாம், சுத்தியால் தட்டி வளைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால், அந்த டயர் உங்கள் வண்டிக்கு உரியதன்று என்று பொருள்.

டிஸ்க்கின் அகலமும் பொருந்த வேண்டும். ஒவ்வொரு டயருக்கும் இத்தனை அங்குலம் முதல் இத்தனை அங்குலம் வரை அகலமுள்ள டிஸ்க்தான் போட வேண்டும் என்று வரம்பு உண்டு. குறுகிய டிஸ்க்கில் அகல டயரை ஏற்றினால் நடுப்பகுதி மட்டும் தரையைத் தொட்டுத் தேயும். வளைவில் வண்டி ஆடும்.

ஸ்டெப்னியை மறந்துவிடாதீர்கள். நான்கு டயரும் பெரிதாகி, ஸ்டெப்னி மட்டும் பழைய அளவில் இருந்தால், பஞ்சர் ஆன அன்று பின் அச்சில் ஒரு பக்கம் பெரியதும் ஒரு பக்கம் சிறியதுமாக ஓட்ட நேரும். அப்போது பின் அச்சின் உள்ளே இருக்கும் பற்சக்கரங்கள் நேர்ச் சாலையில்கூட ஓய்வில்லாமல் உராய்ந்து கெடும். ஆகவே பெரிய டயர் என்றால் நான்கு அன்று, ஐந்து டயருக்குக் கணக்குப் பாருங்கள். ரேடியல் டயரையும் நைலான் டயரையும் ஒரே அச்சில் கலந்து போடவும் கூடாது.

சட்டம் சொல்வது

பெரிய டயர் போட்டதால் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள மொத்த எடை கூடிவிடாது. 2019-ம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, மோட்டார் வாகனச் சட்டப்படி அதிகப் பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய். கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய் வேறு. ஒரு லோடு காயின் லாபம் இதற்கு ஈடாகுமா என்று நீங்களே பார்த்துக் கொள்ளுங்கள்.

பதிவுச் சான்றில் உள்ள விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றி அமைக்கக் கூடாது என்று 1988-ம் ஆண்டுச் சட்டத்தின் 52-வது பிரிவு கூறுகிறது. தயாரிப்பாளர் குறிப்பிடாத அளவு டயரோடு விபத்தில் சிக்கினால், இன்சூரன்ஸ் இழப்பீடு பெறுவதிலும் சிக்கல் வரலாம். மேலும், பட்டன் ஆழம் 1.6 மில்லி மீட்டருக்குக் குறைந்த டயரைச் சாலையில் ஓட்டக் கூடாது. டயரின் பள்ளங்களுக்குள் சிறு மேடுகள் இருக்கும். தேய்மானம் அந்த மேட்டைத் தொட்டுவிட்டால் டயரை மாற்றிவிட வேண்டும்.

சேற்றில் புதையாமல் இருக்குமா?

இருபது மில்லி மீட்டர் அகலம் கூடுவதால் சேற்றில் கிடைக்கும் நன்மை சொற்பம். சேற்றில் வண்டியை நகர்த்துவது பட்டனின் அமைப்பு. மண் பாதையில் தினமும் போகிறவர்கள், அதே அளவு டயரிலேயே, பின் சக்கரங்களுக்குக் குறுக்குப் பட்டன் உள்ள டயரைத் தேர்ந்தெடுக்கலாம். முன் சக்கரங்களுக்கு நீளவாக்கில் கோடுள்ள டயர் ஸ்டியரிங்குக்கு இலகுவாக இருக்கும்.

இங்கே நிலத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அறுவடை சமயத்தில், தலைச்சுமைக் கூலியை மிச்சம் பிடிக்க வண்டியை வயலுக்குள்ளேயே இறக்குவது வழக்கமாகி வருகிறது. டயர் மண்ணை அழுத்தும் அழுத்தம், ஏறக்குறைய அதில் உள்ள காற்றின் அழுத்தத்துக்குச் சமம். டிராக்டரின் பின் டயரில் வயல் வேலைக்கு 12 முதல் 15 பவுண்டு காற்று வைக்கிறோம். சரக்கு வண்டியின் பின் டயரில் பாரத்துக்கு 60 பவுண்டுக்கு மேலும் வைக்க நேர்கிறது. ஆகவே டிராக்டரைவிடச் சிறியதாகத் தெரியும் இந்த வண்டி, ஒவ்வொரு சதுர அங்குல மண்ணையும் நான்கு மடங்கு அதிகமாக அழுத்துகிறது.

ஈரம் உள்ள நிலத்தில் முதல் தடவை சக்கரம் ஏறும்போதே இறுக்கத்தின் பெரும் பகுதி ஏற்பட்டுவிடும். அந்தத் தடத்தில் அடுத்த பயிரின் வேர் இறங்காது; தண்ணீரும் இறங்காது. பிறகு உளிக் கலப்பை கொண்டு ஆழ உழ வேண்டி வரும். எனவே வண்டியை வரப்போரப் பாதையிலேயே நிறுத்துங்கள். தவிர்க்க முடியாவிட்டால், மண் காய்ந்திருக்கும்போது, தினமும் ஒரே தடத்தில் போய் வாருங்கள்.

காற்றுதான் பாதி டயர்

எந்த அளவு டயர் போட்டாலும் காற்று சரியாக இல்லாவிட்டால் பயனில்லை. காற்றுக் குறைந்த டயர் பக்கவாட்டில் மடங்கி மடங்கி விரியும். அதனால் உள்ளே சூடு ஏறும். அந்தச் சூட்டில்தான் ரப்பரும் உள் இழையும் பிரிந்து டயர் வெடிக்கிறது. கோடையில், பாரத்தோடு, காற்றுக் குறைவாக ஓட்டுவது மூன்று பகைவர்களை ஒன்றாக அழைப்பது போல.

வாரம் ஒரு முறை, காலையில் வண்டி எடுக்கும் முன் காற்று பாருங்கள். ஓடிய பின் பார்த்தால் அளவு கூடுதலாகக் காட்டும். 65 பவுண்டு உள்ள டயர் 10 டிகிரி சூடேறினால் சுமார் இரண்டரை பவுண்டு ஏறும். இது இயல்பானது, டயர் தயாரிக்கும்போதே இதற்கு இடம் வைத்திருக்கிறார்கள். வெயில் காலம் என்று சொல்லிச் சூடான டயரிலிருந்து காற்றை இறக்குவது பெரிய தவறு. எத்தனை பவுண்டு என்பதை வண்டியில் ஒட்டியுள்ள அட்டையையோ கையேட்டையோ பார்த்து வையுங்கள். காலி வண்டிக்கும் பாரத்துக்கும் தனித்தனி அளவு கொடுத்திருந்தால் அதன்படி செய்யுங்கள்.

டயர் வாங்கும்போது

பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்க எண் இருக்கும். 2324 என்றால் 2024-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது என்று பொருள். நம் வண்டிகள் லாரி போல நாள் முழுதும் ஓடுவதில்லை. பட்டன் தேயும் முன்பே ரப்பர் முதுமை அடைந்து, பக்கவாட்டில் மயிரிழை வெடிப்புகள் தோன்றும். ஆகவே கடையில் ஏற்கெனவே இரண்டு மூன்று வருடம் கிடந்த டயரை, விலை குறைவு என்று வாங்காதீர்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். பில் கேட்டு வாங்குங்கள். பில் இல்லாமல் உத்தரவாதம் கேட்க முடியாது. ரீட்ரெட் செய்த டயரை முன் சக்கரத்தில் போடாதீர்கள்.

இரண்டு டயர் மட்டும் மாற்ற வசதி இருந்தால், ஒரே அளவும் ஒரே வகையுமான ஜோடியாக வாங்கி, ஒரே அச்சில் மாட்டுங்கள். மாட்டிய பின் வீல் அலைன்மெண்ட் பார்த்துவிடுங்கள். நூறு கிலோ மீட்டர் ஓடியதும் வீல் நட்டுகளை மறுபடி முறுக்கச் சொல்லுங்கள்.

கல்லை எடுப்பதா, டயரை மாற்றுவதா?

ஒட்டன்சத்திரம் பக்கத்து விவசாயி பிறகு என்ன செய்தார் என்று சொல்லி முடிக்கிறேன். மிஞ்சிய மூன்று பெரிய டயர்களை நஷ்டத்துக்கு விற்றுவிட்டு, கையேட்டில் கண்ட பழைய அளவிலேயே, உரிய சுமை எண் உள்ள சரக்கு டயர்களை வாங்கினார். பின்னால் குறுக்குப் பட்டன் போட்டார். அதே பாதையில் போய் வரும் பக்கத்துத் தோட்டக்காரர்கள் மூன்று பேரும் அவரும் சேர்ந்து, இரண்டு டிராக்டர் லோடு கிராவல் கொட்டித் தடத்தை நிரப்பினார்கள். நடுவில் துருத்திய கல்லைக் கடப்பாரை போட்டுப் பெயர்த்தார்கள். நான்கு பேர் பங்கிட்டதில் ஒருவருக்கு ஆன செலவு, ஒரு டயர் விலையில் பாதிகூட இல்லை என்றார்.

இப்போது பெட்டிகளை எண்ணி ஏற்றுகிறார். காய் அதிகம் உள்ள நாளில், அதே பக்கத்துத் தோட்டக்காரர் வண்டியில் மீதியை வாடகைக்கு அனுப்புகிறார். அடுத்த நாள் அவர் காய் இவர் வண்டியில் போகிறது.

உங்கள் வண்டிக்கு டயர் மாற்றும் காலம் வந்தால், கடைக்குப் போகும் முன் ஒரு தாளில் நான்கு விவரம் எழுதிக் கொள்ளுங்கள். இப்போதுள்ள டயரின் அளவு, அதன் சுமை எண், கையேட்டில் குறிப்பிட்டுள்ள அளவுகள், எடை மேடையில் கண்ட பின் அச்சு எடை. இந்த நான்கும் கையில் இருந்தால், கடைக்காரர் எந்த டயரைக் காட்டினாலும் அது உங்கள் வண்டிக்கு ஆகுமா ஆகாதா என்று நீங்களே சொல்லிவிடலாம்.